அந்தக் கூட்டின்மேல் பழி போட வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 27. விருதுநகர் பக்கம் ஒரு கிராமம். போன வருடம் ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. அதற்கு நான்கு நாள் முன்பு பப்பாளிக்காய்க் கூட்டு சாப்பிட்டிருந்தேன். அதனால்தான் கலைந்தது என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது மறுபடி நான்காவது மாதம். கத்திரிக்காய், பாகற்காய், கீரை எதையும் என் அத்தை (மாமியார்) தொட விடுவதில்லை. டாக்டரோ, "ரத்தம் 9.1தான் இருக்கிறது, கீரை நிறையச் சாப்பிடு" என்கிறார். கூட வேலை பார்க்கும் அக்கா முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி சாலட், பீட்ரூட் ஜூஸ் எல்லாம் சாப்பிடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது? எனக்குச் சாப்பிடவே பயமாக இருக்கிறது.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் பெண் தட்டின் முன்னால் பயந்துகொண்டு உட்காரக் கூடாது. அதனால் மற்ற காய்களுக்குப் போகும் முன், அந்தக் கூட்டைப் பற்றிப் பேசி முடித்துவிடலாம்.

கர்ப்பம் என்று தெரிந்த பிறகும் நூற்றுக்கு 10 முதல் 20 வரை தானாகவே கலைந்துவிடுகின்றன. பெரும்பாலானவை முதல் 12 வாரத்துக்குள் நடப்பவை. அவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் (பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் இழை) கோளாறு. கரு உருவாகும்போதே குரோமோசோம்களின் எண்ணிக்கை கூடியோ குறைந்தோ போயிருக்கும். அப்படிப்பட்ட கருவைத் தாய் என்ன சாப்பிட்டாலும், என்ன சாப்பிடாமல் இருந்தாலும் காப்பாற்ற முடியாது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கருவின் வளர்ச்சி நின்ற அன்றே ரத்தப்போக்கு வந்துவிடாது. பல பேருக்குச் சில நாள், சிலருக்கு இரண்டு மூன்று வாரம்கூடக் கழித்துத்தான் வரும். ஆகவே நீங்கள் அந்தக் கூட்டைச் சாப்பிட்டபோதே கருவின் வளர்ச்சி நின்றுபோயிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரு இழப்பு நடந்ததும் அதற்கு முந்தைய நான்கு நாளை மனம் துழாவிப் பார்க்கும். அந்த நான்கு நாளில் நீங்கள் சாம்பாரும் ரசமும்கூடச் சாப்பிட்டிருப்பீர்கள். பெயர் கெட்டது பப்பாளி என்பதால் பழி அதன்மேல் விழுந்தது. வேகவைத்த கூட்டு ஒரு கிண்ணம் சாப்பிட்டதால் கரு கலைந்தது என்று சொல்ல மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கணவரிடமும் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

சரி, அப்படியானால் பப்பாளிக்காய்க்கு ஏன் இந்தப் பெயர் வந்தது? காயைக் கீறினால் பால் வடிகிறதே, அந்தப் பாலில்தான் விஷயம் இருக்கிறது. 2002-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை எலிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். நன்றாகப் பழுத்த பப்பாளியின் சாறு சினை எலிகளுக்கு எந்தத் தொந்தரவும் செய்யவில்லை. காயின் பாலோ, எலியின் கருப்பைத் தசையைச் சுருங்க வைத்தது. காய் பழுக்கப் பழுக்க இந்தப் பால் வற்றிவிடும். அதனால் தோல் முழுக்க மஞ்சளாகி, உள்ளே ஒரே நிறமாகப் பழுத்த பழத்தை நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம். காயையும் செங்காயையும் பிரசவம் வரை விட்டுவிடுங்கள். சமைத்தால் வீரியம் குறையும் என்பது உண்மைதான். ஆனாலும் எவ்வளவு குறைந்தது என்று அடுப்படியில் நின்று அளக்க முடியாது. கூட்டுக்கு வேறு காய் இல்லாமலா போய்விட்டது? இந்த ஒரு காயில் உங்கள் அத்தையின் எச்சரிக்கைக்கு நானும் கை தூக்குகிறேன்.

கீரை விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 7-க்கும் 10-க்கும் இடையில் இருந்தால் அது நடுத்தர அளவு. உங்கள் 9.1 அந்த வரிசையில்தான் வருகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குவது, எழுந்தால் கண் இருட்டுவது எல்லாவற்றையும் 'மசக்கை' என்று தள்ளிவிடாதீர்கள். பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போனாலும் தாங்க இருப்பு வேண்டும். குழந்தையும் தன் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டிய இரும்பைப் பெரும்பாலும் வயிற்றில் இருக்கும்போதே உங்களிடமிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேல், 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இவ்வளவு பேர் ரத்தம் குறைந்து கிடக்கும் ஊரில் கர்ப்பிணியின் தட்டிலிருந்து கீரையை எடுப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனால் உங்கள் டாக்டர் சொன்னதிலும் பாதியைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே? 100 கிராம் முருங்கைக்கீரையில் இரும்பு சுமார் 4 அல்லது 5 மில்லிகிராம் இருக்கும். அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது சிறு பங்குதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்களே, அந்த ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காவது மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள் தினமும் எடுக்க வேண்டும். 9.1 இருப்பவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு என்று கூட்டித் தருவது வழக்கம். உங்களுக்கு எத்தனை என்பதை உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். 9.1-ஐக் கீரையால் மட்டும் ஏற்றிவிட முடியாது. ஏற்றுவது மாத்திரை, கீரை அதற்குத் துணை.

மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்று நிறுத்திவிடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வெறும் வயிற்றில் தாங்கவில்லை என்றால் இரவு சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும் முன் போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். காபி, டீ, பாலோடு சேர்த்துப் போடாதீர்கள். சாப்பாடு முடிந்த கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால், அதை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள். டீயில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கால்சியம் மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். அப்புறம், நான்காவது மாதத்துக்கு மேல் குடற்புழுவுக்கு ஒரு மாத்திரை தருவார்கள். காட்டிலும் கொல்லையிலும் செருப்பில்லாமல் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். கர்ப்பிணிக்கு எதற்குப் பூச்சி மாத்திரை என்று அதைத் தூக்கி வைத்துவிடாதீர்கள்.

இப்போது கீரை. முருங்கைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி என்று மாற்றி மாற்றி வாரத்தில் நான்கைந்து நாளாவது வையுங்கள். முருங்கையில் மருந்துக்கு என்று எடுக்கும் பட்டையும் வேரும்தான் கர்ப்பத்தில் ஆகாதவை. கீரைக்கும் காய்க்கும் அந்தத் தடை கிடையாது. 'முருங்கை சூடு' என்ற பேச்சு இந்தக் குழப்பத்தில் வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்பது சித்த வைத்தியத்தில் நெடுநாள் கருத்து. தினமும் மாத்திரை சாப்பிடும் இந்த நாட்களில் அந்த ஒன்றை விட்டுவிட்டால் வீட்டில் ஒரு சண்டை குறையும், உங்களுக்கும் நஷ்டம் இல்லை. ராத்திரியில் கீரை வேண்டாம் என்று அத்தை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பத்தில் குடல் மெதுவாகத்தான் வேலை செய்யும். இரவில் சாப்பிட்டால் வயிறு உப்பி, நெஞ்சு கரித்து, தூக்கம் கெடும். மதியச் சாப்பாடுதான் கீரைக்குச் சரியான நேரம்.

கீரையைக் கழுவுவதில்தான் உங்கள் கவனம் எல்லாம் இருக்க வேண்டும். எங்கே, எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று நமக்குத் தெரியாது. கட்டைப் பிரித்து, வேரையும் அடித்தண்டையும் நறுக்கி எறிந்துவிட்டு, அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். அலசியதும் கீரையைக் கையால் அள்ளி வெளியே எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் அடியில் படிந்த மண் மறுபடி கீரைமேலேயே வந்து உட்காரும். மண் வராத வரை மூன்று நான்கு தடவை இப்படிச் செய்யுங்கள். கழுவிய பிறகு நறுக்குங்கள். வேகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு மூடி வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு மசியுங்கள். தண்ணீரை வடித்துக் கொட்டினால் ஃபோலேட் (மாத்திரையில் ஃபோலிக் அமிலமாக இருக்கும் அதே சத்து) நிறைய அதோடு போய்விடும். இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள், இல்லாவிட்டால் சாப்பாட்டில் ஒரு பெரிய நெல்லிக்காய் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி கீரையின் இரும்பை உடம்பில் சேர்க்கும்.

ஃபோலேட் என்றதும் குழந்தைக்குத் திட்டமிடும் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்பதே உறுதியாகியிருக்காது. அதனால் ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

கத்திரிக்காயால் உங்கள் குழந்தைக்கு எந்த ஆபத்தும் இல்லை. 'கரப்பான் பண்டம், குழந்தைக்குச் சொறி வரும்' என்ற பயத்துக்கு மருத்துவ ஆதாரம் கிடையாது. சாப்பிட்டால் உங்களுக்கே நாக்கு அரிக்கிறது, தோல் தடிக்கிறது என்றால் அது உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். ஆனால் ஒன்று முக்கியம். ஆறாவது, ஏழாவது மாதத்துக்கு மேல் தோலில் தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்து, ராத்திரியில் தூங்க முடியாமல் போனால், கத்திரிக்காயைக் குற்றம் சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். கல்லீரலில் பித்தநீர் தேங்குவதால் வரும் அரிப்பாக அது இருக்கலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கவனிக்காமல் விட்டால் குழந்தைக்கு ஆபத்து.

பாகற்காயை விதை நீக்கி, குழம்பாகவோ வறுவலாகவோ எப்போதாவது கொஞ்சம் சாப்பிடலாம். சாறாகப் பிழிந்து குடிக்கவே கூடாது. அதன் விதையில் உள்ள சில புரதங்கள் எலிகளிடம் கருவைக் கலைத்திருக்கின்றன. சாறு என்றால் ஐந்தாறு காயின் வீரியம் ஒரே டம்ளரில் வந்துவிடும்.

கசப்பைப் பற்றிப் பேசும்போது, பாகற்காயைவிட நான் அதிகம் பயப்படுவது கசக்கும் சுரைக்காய்க்குத்தான். யாரும் அதைப் பற்றிக் கர்ப்பிணியிடம் சொல்வதில்லை. சுரை, பீர்க்கு, புடலை, வெள்ளரி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றில் சில காய்கள் மட்டும் எப்போதாவது கடுமையாகக் கசக்கும். அந்தக் கசப்பே ஒரு நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களும் இறந்தவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) இதற்காகவே ஒரு நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்து, கசந்தால் அந்தக் காயைச் சாப்பிடவே கூடாது என்று எச்சரித்தது. நறுக்கும்போது ஒரு நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயை அப்படியே குப்பையில் போடுங்கள். காசு கொடுத்து வாங்கியது என்று புளியும் வெல்லமும் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அதேபோல் தோல் பச்சையாகிப்போன, முளைவிட்ட உருளைக்கிழங்கும் வேண்டாம். அதிலிருக்கும் நஞ்சும் வெந்தால் போகாது.

இனி உங்கள் அக்கா சொன்னவை. முளைகட்டிய பயறு சத்தானதுதான், ஆனால் பச்சையாக வேண்டாம். பயறு முளைக்கத் தேவையான வெதுவெதுப்பும் ஈரமும் கிருமி பெருகுவதற்கும் அதே அளவு வசதி. விதையின் வெடிப்புக்குள் போய்விட்ட கிருமியை எத்தனை தடவை கழுவினாலும் எடுக்க முடியாது. 2011-ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் பரவிய ஈ.கோலை என்ற குடல் கிருமி நோயில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் படுத்தார்கள், 50 பேருக்கும் மேல் இறந்தார்கள். பயறை நன்றாக வேகவைத்துத் தாளித்துச் சுண்டலாகச் சாப்பிடுங்கள். சத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

சாலட் என்றால் உங்கள் வீட்டில், உங்கள் கண் முன்னால் செய்ததாக இருக்க வேண்டும். கேரட்டையும் வெள்ளரியையும் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, தோலைச் சீவி, உடனே நறுக்கி உடனே சாப்பிடலாம். கல்யாணப் பந்தியில் காலையிலேயே நறுக்கி வைத்த கோசம்பரி, ஹோட்டலில் ஓரமாக வைக்கும் வெங்காயமும் வெள்ளரியும், பஸ் நிலையத்தில் மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரித் துண்டு ஆகியவற்றைப் பிரசவம் முடியும்வரை தள்ளி வையுங்கள். முட்டைக்கோஸைச் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். பூனை மலம் கலந்த மண்ணிலிருந்து வரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி தாய்க்குச் சாதாரணக் காய்ச்சல்போல வந்து போய்விடும், ஆனால் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கும். லிஸ்டீரியா என்ற இன்னொரு கிருமி ஃப்ரிட்ஜின் குளிரிலும் வளரும். நறுக்கிய காயை இரண்டு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைத்துப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது என்பது அதனால்தான். காயும் கீரையும் ஆபத்தாவது பெரும்பாலும் மண்ணாலும் கையாலும் கத்தியாலும்தான். நன்றாக வேகவைத்தால் இந்தக் கிருமிகள் செத்துவிடும். மீன், கறி நறுக்கிய பலகையிலேயே வெள்ளரியை நறுக்காதீர்கள். தோட்டத்தில் கை வைத்தால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று எல்லோரும் நம்புகிறோம். 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. பொரியலாகச் சாப்பிடுங்கள், நல்ல காய்தான். மாத்திரைக்குப் பதிலாக ஜூஸைக் குடித்துக்கொண்டிருப்பதுதான் தவறு. போன வருடம் பட்ட பயம் உங்களுக்கு இன்னும் இருக்கும் என்பதால் இதையும் சொல்கிறேன்: பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிறுநீர் சிவந்து போகும், இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இது கூடுதலாகவே நடக்கும். அது ரத்தம் இல்லை. ஆனால் உள்ளாடையில் கறை பட்டாலோ அடிவயிறு இழுத்துப் பிடித்தாலோ குளிர் காய்ச்சல் வந்தாலோ பீட்ரூட் என்றும் சூடு என்றும் நீங்களாக முடிவு செய்யாமல், அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மாங்காயைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான்காவது மாதத்தில் நாக்கு அதைத் தேடாமல் இருக்காது. கழுவி, தோல் சீவி, நாலு கீற்று சாப்பிடுங்கள். நெஞ்சு கரித்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். பச்சரிசி, சாம்பல், மண் தின்ன ஆசை வந்தால் மட்டும் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். ரத்தசோகை உள்ளவர்களுக்கு அப்படித் தோன்றுவது உண்டு.

உங்கள் அத்தையிடம் இந்தப் பதிலை நீட்டி, "பாருங்கள், நீங்கள் சொன்னது தப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். போன வருடம் அவரும் ஒரு பேரப்பிள்ளையை இழந்திருக்கிறார். இந்தத் தடவை ஏதாவது செய்து காப்பாற்றிவிட வேண்டும் என்று துடிக்கிறார், அவர் கையில் இருப்பது அடுப்படி மட்டும்தான். அடுத்த பரிசோதனைக்குக் கணவரோடு அவரையும் கூட்டிப் போங்கள். ஸ்கேன் இருந்தால் டாக்டரிடம் கேட்டு, குழந்தையின் இதயத் துடிப்பை அவருக்கும் கேட்க வையுங்கள். எந்தக் கீரை, எத்தனை நாள் என்று டாக்டர் வாயாலேயே அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். கீரையை ஆய்ந்து நாலு தண்ணீரில் அலசுவதை அவர் பொறுப்பிலேயே விடலாம். அவரைவிடக் கவனமாக அதைச் செய்ய உங்கள் வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள்.

மாத்திரை தொடங்கி நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபின் மறுபடி பாருங்கள். 10-ஐத் தாண்டியிருந்தால் இதே வழியில் போகலாம். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு புள்ளிகூட ஏறவில்லை என்றால், அடுத்து ஊசி வழியாக இரும்பு ஏற்றுவதா, வேறு காரணம் இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். அந்த எண் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.